ஒருத்தருக்கும் விளங்காத எழுத்து

தம்பி, பெற்ற பிள்ளை என்றாலும் இந்தக் கடிதத்தில் உன் பெயரை எழுதமாட்டேன். அது எழுதப்பட வேண்டிய அளவுக்கு மேலேயே எழுதப்பட்டுவிட்டது. உனக்கு மட்டும் எழுதி உறையில் போட்டு ஒட்டாமல், நம் ஆட்கள் கடைக்குப் போனால் கையோடு எடுத்துவருகிற மாதப் பத்திரிகைக்கு ஏன் அனுப்புகிறேன் என்று கோபப்படுவாய். கோபப்படு. நீ சிரித்தது எல்லாருக்கும் முன்னால்தானே. அன்றைக்கு எங்கள் வீட்டு முன்னறையில் இருந்து உன்னோடு சேர்ந்து சிரித்தவர்களும் இதை வாசிக்கட்டும். நீ எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய், நேரமெடுக்கும் என்று தெரியும். அதற்காக ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ எழுதித்தர மாட்டேன். ஏன் என்பது வாசித்துக்கொண்டு போக உனக்கே விளங்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை முதலில் சொல்கிறேன், வீட்டில் இல்லாதவர்களுக்கும் விளங்க வேண்டுமே. கல்யாணப் பேச்செல்லாம் முடிந்து, பெண் வீட்டார் முதல்முறையாகக் கர்க்லாண்டில் உள்ள நம் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்து தேத்தண்ணீரும் வடையும் கொண்டுவந்து வைக்கிறேன். நீயும் மருமகளாக வரப்போகிற பிள்ளையும், அவளுடைய தமையன்மாரோடு எல்லை தாண்டிப் போய், அமெரிக்காவில் யூட்டாவில் ஒரு தேசியப் பூங்காவைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அவள் லப்டொப்பைத் திறந்து படங்களைக் காட்டிக்கொண்டிருந்தாள். செம்பாறை மலைகள், அடியில் ஓடுகிற சிற்றாறு, அதன் கரையில் மஞ்சள் பூத்த மரங்கள். நன்றாகத்தான் இருந்தது. பிறகு அவள் என்னைக் கூப்பிட்டாள்.

"மாமி, இஞ்ச வந்து பாருங்கோ. இவர் எங்கட பேரைத் தமிழில எழுதினவர்."

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்தேன். படத்தில் ஒரு பாறைச் சுவர். அதில் வெள்ளை வெளேரென்று இரண்டு பெயர்கள், உன்னுடையதும் அவளுடையதும், தமிழ் எழுத்தில். உள்ளதைச் சொல்கிறேன், அந்த நொடி என் மனம் குளிர்ந்துபோனது. உன்னைச் சனிக்கிழமை தோறும் வில்லரேயில் தேவாலய நிலவறையில் நடந்த தமிழ் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போன பாட்டை நான் மறக்கவில்லை. மெட்ரோப் படியில் குந்திக்கொண்டு வரமாட்டேன் என்று பிரெஞ்சில் அழுவாய். வளைவைச் சரியாக வளை, சுழியைச் சுழி என்று உன் கையைப் பிடித்து எழுதவைத்தவள் நான். வகுப்பை விட்டபிறகு ஒரு பிறந்தநாள் வாழ்த்துக்கூட நீ தமிழில் எழுதினதில்லை. இப்போது ஒருவரும் கேட்காமல், நீயாக, வடிவான எழுத்தில், ஒரு வளைவு பிசகாமல் எழுதியிருக்கிறாய். என் பிள்ளை மறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகுதான் எழுத்துக்குப் பக்கத்தில் இருந்ததைப் பார்த்தேன். வளைந்த கொம்போடு ஆடுகள் வரிசையாகப் போகின்றன. அகன்ற தோளும் தலையில் ஏதோ அணியும் கொண்ட மனித உருவங்கள் நிற்கின்றன. கறுத்துப் பளபளக்கும் பாறையின் மேல்தோலைக் கொத்திக் கொத்தி யாரோ பொறுமையாகச் செய்தவை. உன் பெயரின் கடைசி எழுத்து நீண்டுபோய் ஓர் ஆட்டின் பின்னங்காலை வெட்டிக்கொண்டு நின்றது.

"உந்த ஆடுகள் ஆர் கீறினது?" என்று கேட்டேன்.

"அது அந்தக் காலத்து ஆக்கள் கீறினதம்மா. ஆயிரம் வருசமாவது இருக்கும்."

"அதுக்கு மேலயே எழுதினனீ?"

"மேல இல்லை, பக்கத்தில. கார்த் திறப்பு முனையால சும்மா ஒரு கீறல். தமிழிலதானே எழுதினனான். அங்க ஒருத்தருக்கும் விளங்காது."

எல்லாரும் சிரித்தார்கள். உன் அப்பா இருந்தாரே, அவர் சும்மா இருந்திருக்கலாம். "ஆயிரம் வருசம் கழிச்சு ஆராய்ச்சிக்காரர் வந்து பாத்திட்டு, தமிழர் இஞ்சயும் இருந்திருக்கினம் எண்டு புத்தகம் எழுதுவினம். நல்லதுதானே" என்றார். சம்பந்திக்குத் தேத்தண்ணீர் புரையேறிவிட்டது. நான் அருவருப்புத் தாங்காமல் "அரியண்டம்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன். வடைச்சட்டியில் எண்ணெய் பொங்கிவிட்டதாக்கும் என்று சம்பந்தியம்மா பின்னால் எழும்பி வந்தார். எண்ணெய்க்கு ஒன்றும் இல்லை. எனக்குத்தான் திரும்பி அந்தச் சிரிப்புக்குள் போக மனம் வரவில்லை.

நீயும் பின்னால் வந்தாய். சின்ன விசயத்துக்கு ஏன் முகத்தை நீட்டுகிறீர்கள் என்றாய். அதே பள்ளத்தாக்கில் பழைய வெள்ளைக்காரர் வண்டிகட்டிப் போன காலத்தில் வெட்டிவைத்த பெயர்களும் கிடக்கின்றன, அவற்றை வேலி போட்டுக் காப்பாற்றுகிறார்கள், நாங்கள் எழுதினால் மட்டும் குற்றமோ என்றாய். வாதாடுவதற்கு உன்னை மெக்கில் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோய்ச் சட்டம் படிப்பிக்கத் தேவையில்லாமல் போய்விட்டது. தம்பி, அந்த வண்டிக்காரருக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நீ நின்ற இடத்தில் பலகை நிற்கிறது, அடுத்த படத்திலேயே தெரிகிறது, தொடாதே, கீறாதே, இவை திரும்பக் கிடைக்காதவை என்று. அந்தப் பலகையில் கையை ஊன்றிக்கொண்டு நீ போஸ் கொடுத்திருக்கிறாய். இதைப் பார்த்தபிறகு உன் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. பெற்ற பிள்ளையைப் பற்றி ஒரு தாய் இப்படி எழுதலாமா என்று யாராவது கேட்டால், கேட்கட்டும்.

பெயர் வெட்டுகிற புத்தி நம் ஆட்களுக்குப் புதிதல்ல, அதையும் ஒத்துக்கொள்கிறேன். கோயிலுக்கு ஒரு குழல்விளக்கு வாங்கிக் கொடுத்தால், வெளிச்சம் பாதி மறையும்படி உபயம் இன்னார் என்று எழுதாமல் விடமாட்டோம். கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க எவர்சில்வர் கிண்ணம் வாங்கி, உங்கள் இரண்டு பேருடைய பெயரையும் வெட்டுவிக்க அப்பா கடையில் சொல்லிவைத்திருந்தார். போனகிழமை நான் அதை நிறுத்திவிட்டேன். வெறும் கிண்ணமாகக் கொடுப்போம். கிண்ணம் நம்முடையது, வெட்டினால் வெட்டிவிட்டுப் போகலாம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இப்போது அந்த வெட்டுகிற மெஷின் சத்தத்தை நினைத்தாலே பல் கூசுகிறது.

இதற்கு இவ்வளவு அருவருப்பா என்று கேட்பாய். ஊர் பேர் தெரியாத ஒருவன் செய்திருந்தால் ஒரு எரிச்சலோடு விட்டிருப்பேன். நீ செய்தாய், அதுதான். உனக்குத் தெரியாது என்று மட்டும் சொல்லாதே. தெரியும். அதற்கு நானே சாட்சி.

போரை நிறுத்தி, சமாதானம் என்று சொல்லி வீதி திறந்திருந்த காலத்தில் உன்னை யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேனே, நினைவிருக்கிறதா. என் அப்பா கட்டின வீட்டில் பல வருடம் ஆமிக்காரர் இருந்துவிட்டு அப்போதுதான் போயிருந்தார்கள். கதவுகள் இல்லை, யன்னல்கள் இல்லை. அதெல்லாம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. சாமியறைச் சுவரில்தான் நின்றுவிட்டேன். சுவர் நிறையப் பெயர்கள், சிங்கள எழுத்தில், கத்தியாலோ எதாலோ ஆழமாகக் கீறியிருந்தார்கள். அவர்களும் உன் இப்போதைய வயதுப் பிள்ளைகளாகத்தான் இருந்திருப்பார்கள், பொழுது போகாமல் எழுதியிருப்பார்கள். நீ விரலை வைத்து ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு, "என்னம்மா எழுதியிருக்கு?" என்று கேட்டாய். எனக்கு வாசிக்கத் தெரியாது என்றேன். உன் முகம் அப்படியே சிவந்துபோனது. "வீட்டுக்காரருக்கு வாசிக்கக்கூட ஏலாத மாதிரி எழுதிப்போட்டுப் போயிருக்கினம். ஆரின்ர வீடு எண்டு அவைக்கு ஒரு யோசினையும் இல்லையே" என்றாய். அன்று இரண்டு பேருமாகச் சுண்ணாம்பு வாங்கிவந்து அடித்தோம். காய்ந்தபிறகு பார்த்தால் கீறல் எல்லாம் வெள்ளைக்குள்ளால் அப்படியே தெரிந்தது. நீ திரும்பவும் அடித்தாய். திரும்பவும் தெரிந்தது.

அதற்கு அடுத்த கோடையில்தான் கொலராடோவுக்குப் போனோம். உன் அப்பாவுக்கு அமெரிக்கப் பூங்காக்களில் ஒரு பைத்தியம், மெய்ன் கடற்கரையில் தொடங்கி ஒவ்வொரு கோடையும் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தோம். புட்டைச் சில்வர் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு, எல்லையில் "சாப்பாடு ஏதும் இருக்கிறதா" என்று கேட்பவனுக்கு அதை என்னவென்று சொல்வது என்று யோசித்துக்கொண்டு. எனக்கு அந்தப் பயணங்கள் பிடித்திருந்தன. சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் மண் சோதனைக் கூடத்தில் நாள் முழுக்க மண்ணைச் சலித்துக்கொண்டிருப்பவள் நான். ஒரு நாடு தன் மண்ணையும் கல்லையும் தொடாதே என்று காவல் வைத்துக் காப்பாற்றுகிறது என்பதை முதலில் பார்த்தபோது எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. கொலராடோவில் மலை இடுக்குக்குள் பழங்குடி மக்கள் முன்னொரு காலத்தில் கட்டிய கல்வீடுகளைப் பார்த்தோம். கூரைப் பாறையில் அடுப்புப் புகை படிந்த கறுப்பு அப்படியே இருந்தது. சுவருக்கு மண் பூசினவர்களின் விரல் அடையாளம்கூடத் தெரிந்தது.

அங்கே எங்களைக் கூட்டிக்கொண்டு போன வழிகாட்டி அந்த வீடுகளைக் கட்டியவர்களின் வழியில் வந்தவர். அவர் சொன்னது எனக்கு இன்றைக்கும் காதில் நிற்கிறது. இங்கே இருந்தவர்கள் மறைந்துபோனார்கள் என்று எழுதுகிறார்கள், நாங்கள் மறையவில்லை, இடம் பெயர்ந்தோம், இது இப்போதும் எங்கள் வீடுதான், ஒருவர் வீட்டுக்குள் வந்தால் எப்படி நடப்பீர்களோ அப்படி நடவுங்கள் என்றார். நீ என் பக்கத்தில் வந்து மெதுவாக, "அம்மா, செருப்பைக் கழட்டோணும் போல கிடக்கு" என்றாய். கொஞ்ச நேரம் கழித்து, "எங்கட வீடு மாதிரி, என்ன" என்றாய். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவனுக்கு நான் இனி ஒன்றும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை என்று பெருமைப்பட்டேன். அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

செருப்பைக் கழற்றத் தோன்றியவனின் கை எப்படிக் கார்ச் சாவியை எடுத்துக் கீறியது? பெண்ணுக்கு முன்னால் கெட்டிக்காரனாக நிற்கவேண்டும் என்றா? அந்தப் பிள்ளை நேற்று எனக்கு ஃபோன் எடுத்தாள். "மாமி, நான்தான் எழுதச் சொன்னனான். இவரை ஏசாதேங்கோ. எனக்கு அது ஆரின்ரயோ வீடெண்டு தெரியாது" என்று அழுதாள். அவளுக்குத் தெரியாது, சரி, சொன்னால் விளங்கிக்கொள்கிற பிள்ளை. தெரிந்திருந்த நீதான் அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். நீயோ அவளுக்கு ஒரு வழி காட்டினாய். பிரெஞ்சில் எழுதினால் பிடிபடுவோம், ஆங்கிலத்தில் எழுதினால் பிடிபடுவோம், தமிழில் எழுதினால் தப்பிவிடலாம். திருடப் போகிறவன் முகத்தை மூடிக்கொள்கிற துணியாக நான் கைபிடித்துச் சொல்லித்தந்த எழுத்தை எடுத்திருக்கிறாய். எனக்கு அந்த ஆட்டின் காலைவிட இதுதான் ஆறவில்லை. சீ என்று இருக்கிறது.

இனி நடந்ததையும் சொல்லவேண்டும். போன செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில், வேலையிடத்து ஃபோனில் அந்தப் பூங்கா அலுவலகத்துக்கு எடுத்தேன். உன்னைக் காட்டிக்கொடுக்க அல்ல. அப்படி ஒரு கீறலை அழிக்க வழியிருக்கிறதா என்று பொதுவாகக் கேட்கத்தான். ஒரு பெண் பேசினாள், தன்மையான குரல். தேய்த்தால் பாறையின் தோல் இன்னும் போய்விடும், அந்த வேலை தெரிந்தவர்கள் வந்து பார்த்துத்தான் சொல்லவேண்டும், சிலவேளை ஒன்றும் செய்யமுடியாது என்றாள். எந்த இடம் என்று கேட்டாள். ஆடுகள் போகிற வரிசை என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவள் ஏதோ தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "அதை நாங்களும் கண்டோம். ஆனால் அது என்ன எழுத்து என்று எங்களுக்குத் தெரியவில்லை. அந்தப் படங்களைச் செய்த மக்களின் வழியில் வந்த பெரியவர் ஒருவர் வந்திருந்தபோது அவரையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினோம். அவர் கையால் தடவிப் பார்த்துவிட்டு என்ன எழுதியிருக்கிறது என்று எங்களிடம் கேட்டார். எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை" என்றாள். சாமியறைச் சுவரில் நீ விரல் வைத்தது என் கண்ணுக்குள் வந்தது. அவள் கேட்டாள், "உங்களுக்கு அது என்ன மொழி என்று தெரியுமா?"

நான் தெரியாது என்றேன். சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிட்டேன்.

கொழும்பில் பஸ்ஸை மறித்து ஆட்களை இறக்கின காலத்தில் நீ என் மடியில் கைக்குழந்தை. பக்கத்திலிருந்த பெண் என் காதுக்குள், "பொட்டை அழியுங்கோ, வாய் திறக்காதேங்கோ" என்றாள். நான் அழிக்கவில்லை. சிப்பாய் வந்து தமிழோ என்று அவன் மொழியில் கேட்டான். ஓம், தமிழ் என்றேன். வெயிலில் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவன் போகச் சொல்லும்வரை தெருவோரத்தில் நின்றேன். நீ அழுது அழுது தொண்டை கட்டிப்போனாய். துவக்கை நீட்டிக் கேட்டவனிடம் மறைக்காததை, தன்மையாகக் கேட்ட ஒரு பெண்ணிடம் மறைத்துவிட்டேன். உன்னைக் காப்பாற்ற என்று சமாதானம் சொல்லிப் பார்க்கிறேன், மனம் கேட்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து மேசையில் இருந்த சோற்றுப் பெட்டியை மூடி வைத்தேன். அன்று முழுக்க என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

உன் அப்பாவிடம் சொன்னேன். "நீ என்ன விசர்க் கதை கதைக்கிறாய். அவன் வாற மாசம் டென்வரில வேலைக்குச் சேரப்போறான். உதைப் போய்ச் சொன்னா வழக்குப் போடுவாங்கள், போர்டரில மறிப்பாங்கள். பேசாமல் இரு, மழை பெய்ய எல்லாம் அழிஞ்சுபோம்" என்கிறார். மழை ஆயிரம் வருடமாக அந்த ஆடுகளை அழிக்கவில்லை, உன் பெயரையும் அழிக்காது. ஆனால் அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. நீ போய்ச் சொன்னால் தண்டம் வரலாம். வேலை இல்லாமல் போகலாம். கல்யாணம் முடிந்த கையோடு நீங்கள் இரண்டு பேரும் கர்க்லாண்டில் எங்கள் கீழ்வீட்டில் வந்து இருக்கவேண்டியும் வரலாம். வந்து இருங்கள். சோறு போடுவேன்.

தாலிக்குப் பொன் உருக்குகிற நாள் வைத்தாகிவிட்டது. நம் வீட்டில்தான் செய்யவேண்டும், மாப்பிள்ளையின் தாய் நிற்காமல் நடக்காது என்று எல்லாரும் சொல்கிறார்கள். அதற்கு முதல் நீ யூட்டாவுக்குப் போ. அந்தப் பிள்ளையும் வரட்டும், அவளே கேட்டாள், "மாமி, நானும் கூடப் போறன்" என்று. உன்னைவிட அவளுக்கு முதுகெலும்பு இருக்கிறது போலத் தெரிகிறது. ஃபோனில் சொல்லாதே. மின்னஞ்சல் அனுப்பாதே. அந்த அலுவலகத்தில் போய் அந்தப் பெண்ணுக்கு முன்னால் நில். அந்தப் பெரியவரைக் காண முடியுமா என்று கேள். கண்டால், செருப்பைக் கழற்றிவிட்டு அவருக்குப் பக்கத்தில் நின்று, அதில் எழுதியிருப்பதை ஒவ்வொரு எழுத்தாக, சத்தமாக வாசித்துக் காட்டு. இது என் பெயர், இது இவள் பெயர், எழுதியவன் நான் என்று சொல். என்ன மொழி என்று கேட்பார்கள். தமிழ் என்று சொல். செவ்வாய்க்கிழமை ஃபோன் எடுத்துத் தெரியாது என்று சொன்னவள் என் அம்மா, அவளுக்குத் தெரியும் என்றும் சொல்.

சொல்லிவிட்டு வா. பொன்னுருக்குக்கு விளக்கை நான் ஏற்றுகிறேன்.

இப்படிக்கு,
அந்த எழுத்தை உனக்குச் சொல்லித்தந்தவள்